மாமி பிடிச்சா நிக்கும்

அய்யோ அண்ணா, அங்ஙன நேராட்டு குத்துனா ஏறாது. கொஞ்சம் சரிச்சு வைங்க. இந்தப் பக்கமாட்டு. இன்னும் கொஞ்சம் தூக்கணும்... ஆ, அங்ஙனதான். லைட்டு எரியுதா? எரியும். இனி கையெடுங்க, பாப்போம். கண்டியளா, போச்சு. இதாக்கும் இந்த லேப்டாப்புக்க சீக்கு. ஆளு பிடிச்சுக்கிட்டு இருந்தா ஓடும், விட்டா அந்த நிமிசம் கறுத்துப்போவும். பேட்டரி செத்தாச்சு, கொஞ்ச நேரம்கூட தாங்காது.

சார்ஜரு புதுசு அண்ணா. முதல்ல நானும் சார்ஜருதான் கேடுன்னு நெனச்சு வேற வாங்கிப் பாத்தேன். பழசு எங்ஙன ஆடிச்சோ அங்ஙனதான் இதும் ஆடுது. அந்த ஓட்டைக்குள்ள எந்தோ இளகிப்போச்சு. நீங்க தொறந்து பாருங்க, நான் பேசாம நிக்கேன்.

எத்தற நேரம் ஆவும்? இல்ல, அவசரம் ஒண்ணும்... அவசரம் உண்டு. மூணு மணிக்கு எனக்கு ஒரு மீட்டிங்கு. அதுக்கு முன்ன கொல்லயில் ஊருல வீட்டுக்குப் போய்ச் சேரணும். பஸ்ஸு கிட்டல்லன்னா ஆட்டோ பிடிச்சுக்கிடுவேன். தனுவச்சபுரத்துல ஒரு கடை உண்டுன்னு சொன்னாவ, போனா அடச்சுக் கெடக்கு. பின்ன நேரா இஞ்ச பாறசாலைக்கு வந்தேன். வேண்டாம் அண்ணா, இருக்கல்ல, நிக்கேன். இன்னைக்குக் காலத்தேருந்து எனக்கு ஒரு எடத்துல இருக்கப்பிடிக்கல்ல.

கீழ விழல்ல. விழப் போச்சு. எனக்க மாமிக்கு இடுப்பெலும்பு ஒடிஞ்சு ஆப்பரேசன் கழிஞ்ச சமயம். வாக்கரு பிடிச்சு பைய நடந்து பழகுதாவ. நான் சாப்பாட்டு மேசையில இத வச்சு வேலை செய்யுதேன், வயரு தரையில கெடக்கு. வாக்கருக்க காலு வயருல கொளுவிச்சு. ஒரே இழு. அங்க லேப்டாப்பு சாடப்போவுது, இஞ்ச மாமி சரியப்போறாவ. எதப் பிடிக்க? மாமியப் பிடிச்சேன். லேப்டாப்பு மேசைக்க ஓரத்துல போய் எப்படியோ நின்னுச்சு. குத்துற எடம் மட்டும் அதோட ஆடிப்போச்சு. மாமி அந்த வாக்கரப் பிடிச்சுக்கிட்டு நின்னு அழுது கரஞ்சாவ. மோளே, உனக்க வேலைக்கு வினை வச்சேனேன்னு. நான் சொன்னேன், மாமி, எலும்பு மறுபடி ஒடிஞ்சிருந்தா நான் என்ன செய்திருப்பேன், இது போட்டும்னு.

ஆமா, மாமின்னா எனக்க மாப்பிளைக்க அம்மை. ரத்னபாய். அங்கன்வாடி டீச்சராட்டு இருந்தாவ, நீங்க கொல்லயில்காரரு யாரிட்டயாவது கேட்டா தெரியும். ஊருல பாதிப் பேருக்கு முதல் எழுத்து சொல்லிக் குடுத்தது அவியதான். மாமா செத்தாச்சு. வீட்டுல நாங்க ரெண்டு பேருதான்.

அந்த ஆணி சின்னதா இருக்கே, உருண்டு போயிரும், பாத்துக்கிடுங்க.

எனக்க வேலை என்னன்னா, அமெரிக்காவுல டாக்டர்மாரு நோயாளிகளைப் பாத்துட்டு பேசிப் பேசி வைப்பாவ. அத காதுல கேட்டு டைப் செய்து அனுப்பணும். வீட்டுல இருந்தே செய்யலாம். நெட்டு நமக்கு நல்லாட்டு உண்டு. பாதியில லேப்டாப்பு கட்டானா டைப் செய்தது ஒக்க, எல்லாம் போவும். அதுனால என்னவெல்லாம் செய்து பாத்தேன் கேட்டியளா! காகிதம் மடக்கி இடையில திருவி வச்சேன். தலைமுடி கிளிப்பு போட்டேன். ரப்பர் பேண்டு சுத்துனேன். சபையில பாடுற பாட்டு புஸ்தகத்த அடியில குடுத்து வயரத் தூக்கி நிறுத்துனேன். எல்லாம் கொஞ்ச நாள் கேக்கும், பின்ன கேக்காது. கடைசில மாமிதான் ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு எனக்க பக்கத்துல வந்து இருந்தாவ. இஞ்ச தா, நான் பிடிக்கேன், நீ உனக்க சோலியப் பாருன்னு.

மாமி பிடிச்சா நிக்கும் அண்ணா. அது ஒரு அதிசயம்தான். நான் பிடிச்சா ஒரு கை போயிரும், டைப் செய்ய ஒக்காது. அவிய ரெண்டு விரலு வச்சுப் பிடிப்பாவ, அந்த லைட்டு ஒருக்காகூட மினுங்காது. இந்த வயசுலயும் கண்ணாடி போடாம ஊசியில நூலு கோக்குற கையாக்கும். நான் ரெண்டு மூணு மணிக்கூர் சேந்தாப்புல வேலை செய்தாலும் அசையாம இருப்பாவ. நான்தான் மாமி, கை வலிக்கும், கொஞ்சம் நீட்டி மடக்குங்கன்னு சொல்லுவேன்.

சும்ம இருக்க மாட்டாவ, அதும் உண்டு. இது யாருக்க சீக்கு மோளேன்னு கேப்பாவ. பேரெல்லாம் சொல்லக்கூடாது, கம்பெனிக்கு அது பெரிய குத்தம். நான் சும்ம ஒரு வயசான அப்பச்சனுக்கு முழங்கால் முட்டு வேதனை மாமின்னு சொல்லுவேன். அந்தியில ஜெபத்துக்கு இருந்தா, ஆண்டவரே, அமெரிக்காவுல முட்டு வேதனை உள்ள அந்த அப்பச்சனத் தொடணுமேன்னு ஜெபிப்பாவ. மறுநாள் என்னிட்ட, அந்த முட்டு எப்படி இருக்கு, திரும்ப வந்தாரான்னு விசாரிப்பாவ. நான் என்ன சொல்ல? வேதனை கொறவுண்டு மாமின்னு சொல்லுவேன். சிரிக்கியளா? சிரிங்க. நானும் சிரிப்பேன். இப்பம் சிரிப்பு வரல்ல, அவ்வளவுதான்.

அது என்ன புகை? ஓ, ஈயம் வைக்குறதா. செரி செரி.

மாப்பிளை அயர்லாண்டுல. நிஜின். முதல்ல நாங்க பெங்களூர்ல இருந்தோம், ரெண்டு பேருக்கும் அங்க வேலை. மாமி கெணத்தடியில வழுக்கி விழுந்தப்பம் அவருக்கு அயர்லாண்டு விசா வந்து நிக்கு. யாரு வந்து பாக்க? நான் வேலைய விட்டுட்டு வந்தேன். யாரும் நிர்பந்திக்கல்ல. கொஞ்ச மாசம் நீ அம்மைய நடக்க வை, பின்ன உன்னக் கூப்பிடுதேன்னு சொல்லிட்டுப் போனாரு. நான் நடக்க வச்சேன். கூப்பிடத்தான் இல்ல.

அங்க ஒரு பிள்ளை உண்டு அண்ணா, கூட வேலை செய்யுறவ. அவரு மறச்சு வைக்கல்ல, அது சொல்லணும். ஒரு நாள் போன் செய்து, ஷாலு, நான் உன்னிட்ட பொய் சொல்லி நடக்க மாட்டேன்னு சொல்லித் தொடங்குனாரு. நான் அப்பம் மீனு கழுவிக்கிட்டு நிக்கேன். கையெல்லாம் செதிலு. போன ஸ்பீக்கர்ல போட்டு ஜன்னல்ல வச்சிருந்தேன். மாமி அடுப்பாங்கரை வாசல்ல வாக்கரப் பிடிச்சுக்கிட்டு ஒக்கக் கேட்டுக்கிட்டு நிக்காவ. அவரு சொல்லி முடிச்சதும் மாமி ஒண்ணு மட்டும் சொன்னாவ. போன வைலே எரப்பான்னு. பெத்த மோன அப்படி விளிச்சத நான் அதுக்கு முன்னயும் கேக்கல்ல, பின்னயும் கேக்கல்ல.

எனக்க வீடா? களியக்காவிளை தாண்டி, மார்த்தாண்டம் போற வழியில. அப்பனும் அம்மையும் இல்ல. அண்ணன் உண்டு, மைனி உண்டு. போனா சோறு போடுவாவ. ஆனா நீ எப்பம் வந்தன்னு கேக்கதுக்கு முன்ன எப்பம் போவன்னு கண்ணு கேக்கும். குத்தம் சொல்லல்ல. அவியளுக்கு அவியளுக்க பாடு. நான் மாமிட்ட, நான் போறேன் மாமி, உங்களுக்கு ஒரு ஆளு பாத்து வச்சுட்டுப் போறேன்னு சொன்னேன். எங்க போவ? அவன் போனா போட்டும், நீ எதுக்குப் போவணும், இது உனக்க வீடாக்கும்னு சொன்னாவ. நான் இருந்துட்டேன். ஊருல என்னென்னவோ பேசுனாவ. சபையில விலாசினின்னு ஒரு அக்கா எனக்க காதுல வந்து, மாப்பிளை இல்லாத வீட்டுல என்னத்துக்குப் பிள்ளே கெடக்கன்னு கேட்டாவ. அதுக்குப் பதிலு மாமி சொன்னாவ. அது இஞ்ச சொல்ல ஒக்காத பதிலு.

ஆமா, அதுதான் சொல்ல வாறேன். மீட்டிங்குன்னு சொன்னேன்லா. மீட்டிங்கு இல்ல அண்ணா. கோர்ட்டு. ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியுற கேசு. நாங்க கடைசியாட்டு ஒண்ணா இருந்தது பெங்களூருன்னதுனால கேஸும் அங்க. அவரு அங்கேருந்து வீடியோவுல வருவாரு, நான் இஞ்சேருந்து. ஜட்ஜு அம்மா முகத்தப் பாத்து ஒரு கேள்வி கேப்பாவ. இது உனக்க சொந்த இஷ்டமா, யாரும் நிர்பந்திச்சாவளான்னு. ஆமா, எனக்க இஷ்டம்தான்னு சொல்லணும். அவ்வளவுதான் எனக்க பாகம்.

முதல் தடவ நான் நல்ல சேலையெல்லாம் உடுத்து இருந்தேன். மாமி பக்கத்துல ஸ்டூல்ல, வழக்கம்போல ரெண்டு விரலால பிடிச்சுக்கிட்டு. ரொம்ப நேரம் காத்துக் கெடந்து எங்க நம்பர விளிச்சாவ. அவருக்க முகம் வந்துது. எளச்சிருந்தாரு. எனக்க முகமும் வந்துது. ஜட்ஜு அம்மா அவரிட்டக் கேட்டாவ, அவரு எஸ் சொன்னாரு. பின்ன எனக்க பேரச் சொல்லி கேள்வி கேக்கத் தொடங்குதாவ, படக்குன்னு கறுத்துப்போச்சு. அய்யோ மோளே, கை வழுக்கிச்சேன்னாவ மாமி. திரும்ப ஆன் ஆயி வரதுக்குள்ள அங்க அடுத்த கேஸு. பின்ன ஒரு தேதி போட்டாவ.

போன் வழியா வீடியோவுல கேறலாம், உள்ளதுதான். நீங்க கேட்டது போலத்தான் வக்கீலும் கேட்டாரு. மேடம், கையில போன் இல்லியான்னு. இருக்கு. சார்ஜும் இருந்துது. அந்த நேரம் எனக்குத் தோணல்லன்னு சொன்னேன். அடுத்த தேதிக்கு முன்ன இத ஒரு கடையில கொண்டு குடுத்திருக்கலாம். அதும் தோணல்ல. இல்ல, தோணிச்சு. செய்யல்ல. அவ்வளவு மாசம் அது மேசை மேல ஆடிக்கிட்டே இருந்துது, நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.

ரெண்டாவது தடவ என்ன நடந்ததுன்னா, அந்த வீடியோவுல மூலையில நம்ம முகம் சின்னதாட்டு ஒரு பெட்டிக்குள்ள தெரியும்லா. ஜட்ஜு அம்மாவப் பாக்க பயந்து நான் அந்தப் பெட்டியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அதுல எனக்க தோளுக்குப் பக்கத்துல மாமிக்க பாதி முகம் தெரியுது. ஜட்ஜு அம்மா எனக்க பேரச் சொன்னாவ. மாமி கண்ண மூடுனாவ. ஜெபிக்கப் போறதுபோல, நல்லா இறுக்கி மூடுனாவ. தோளு பைய பின்னாடி போச்சு. வழுக்கல்ல அண்ணா. கை வழுக்குனா தோளு அப்படிப் போவாது. அவ்வளவுதான் கண்டேன், கறுத்துப்போச்சு. அந்தக் கறுத்த ஸ்கிரீன்ல நாங்க ரெண்டு பேரும் கண்ணாடியில தெரியுறதுபோல தெரிஞ்சோம். மாமி என்னப் பாக்காவ, நான் மாமியப் பாக்கேன்.

மாமிட்ட கேக்கவா? எதுக்குக் கேக்கணும்? நாசம் பிடிச்ச வயருன்னு மாமி சொன்னாவ. ஆமா மாமி, லூசுதான்னு நான் சொன்னேன். அன்னைக்கு அந்தியில மரச்சீனி அவிச்சு நெத்தலி வச்சு தந்தாவ. எனக்க தட்டுல போட்டுப் போட்டு வச்சாவ. நான் தின்னேன். நல்ல ருசியா இருந்துது. சத்தியமாட்டு சொல்லுதேன், எனக்கு அன்னைக்கு கோவமோ தேஷ்யமோ வரல்ல. ஒரு ஆளு என்ன விடாம பிடிச்சுக்கிட்டு இருக்குன்னு தோணிச்சு. பெத்த அம்மை போனதுக்குப் பின்ன அப்படி ஒண்ணு எனக்குத் தோணுனது அன்னைக்குதான். அந்த லேப்டாப்ப அப்படியே அணைச்சு அலமாரிக்க மேல வச்சுட்டு ரெண்டு பேரும் சீரியல் பாத்தோம்.

ஆமா, இப்பம் மூணாவது தடவ போட்ட தேதி. இன்னைக்கு. இதும் விட்டுப்போனா கேஸு தள்ளுபடி ஆயிரும்னு வக்கீலு சொல்லியாச்சு. தள்ளுபடி ஆனா ஆவட்டும்னுதான் நான் இருந்தேன். நேத்து வரைக்கும்.

நேத்து மாமிக்க போன்ல ஒரு போட்டோ வந்துது. மாமிக்கு அதெல்லாம் தொறக்கத் தெரியாது. முற்றத்துல துணி விரிச்சுக்கிட்டு நின்ன என்ன விளிச்சு, மோளே, இது என்னன்னு கொஞ்சம் பாருன்னு தந்தாவ. நான்தான் தொறந்தேன். ஒரு குழந்தை. இப்பம் பிறந்தது, ஆசுபத்திரி துணியில சுத்தி வச்சிருக்கு. முகம் மட்டும் தெரியுது. கீழ, அம்மே, உங்களுக்க பேத்தின்னு எழுதியிருக்காரு.

நான் காட்டிக் குடுத்தேன். மாமி வாங்கி ஜன்னலு பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டு போனாவ. வாக்கரு இல்லாம நடந்து போனாவ அண்ணா, நான் அதத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். ரெண்டு விரல வச்சு அந்தப் படத்த வலிச்சுப் பெருசாக்குனாவ. யாரு சொல்லிக் குடுத்தாவளோ, எனக்குத் தெரியாது. மாமாக்க நெத்தின்னு சொன்னாவ. பின்ன, மூக்கு நம்ம பக்கம்னு சொன்னாவ. நைட்டிக்க தும்பால போனத் தொடச்சுத் தொடச்சுப் பாத்தாவ. என்னத் திரும்பிப் பாத்ததும் முகத்த மாத்துனாவ. உனக்கு சாயா போடவா மோளேன்னு கேட்டாவ. நான் போடுதேன் மாமின்னு சொல்லிட்டு அடுப்பாங்கரைக்குப் போனேன்.

அந்தி ஜெபத்துல எல்லாரையும் சொல்லி வந்தாவ. மழை, சபை, அமெரிக்காவுல உள்ள முட்டு, எனக்க பேரு. எனக்க பேரு சொன்ன பின்ன, ஆண்டவரே, ஆண்டவரேன்னே சொல்லிக்கிட்டு இருந்தாவ. சொல்லதுக்கு ஒரு பேரு இல்லாம நிக்காவன்னு எனக்குத் தெரிஞ்சுது. அந்தக் குழந்தைக்குப் பேரு இன்னும் வைக்கல்லல்லா. நான் ஆமென் சொல்லி முடிச்சு வச்சேன்.

பிள்ளை என்ன செய்யும், அதுமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. பாக்க அழகாட்டுதான் இருந்துது.

காலத்த நான் எழும்பி வந்தா மேசை மேல இது இருக்கு. அலமாரிக்க மேலேருந்து மாமி எடுத்து, துணி வச்சுத் தொடச்சு, அந்த ரப்பர் பேண்டு, காகிதம், எல்லாத்தையும் பிச்சு எறிஞ்சுட்டு, பையில போட்டு வச்சிருக்காவ. சார்ஜரும் சுத்தி வச்சிருக்காவ. பாறசாலையில கடை உண்டுல்லா மோளே, நல்லாக்கிட்டு வா, இன்னைக்குக் கட்டாவக்கூடாதுன்னாவ. எனக்க முகத்தப் பாக்காம, அந்தப் பையிக்க வாரப் பிடிச்சு நேராக்கிக்கிட்டே சொன்னாவ. செரி மாமின்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

என்னது? சாக்கெட்டே மாத்தணுமா? தம்பானூரு கடையிலேருந்து நாளைக்குத்தான் வருமா? அய்யோ அண்ணா. இப்பம் ஈயம் வச்சது எவ்வளவு நேரம் நிக்கும்? உறுதியாட்டு சொல்ல ஒக்காதா?

இல்ல, நீங்க சொல்லுறது மனசிலாவுது. இன்னைக்கு ஒரு நாள் யாராவது பக்கத்துல இருந்து பிடிச்சுக்கிட்டா நிக்கும். பிடிக்க ஆளும் உண்டு. மாமி இப்பமே ஸ்டூலு போட்டு வச்சிருப்பாவ.

இன்னைக்கு அந்தக் கை அசையாது அண்ணா. எனக்குத் தெரியும். அத பக்கத்துல இருந்து பாக்க எனக்குக் கழியாது. கொஞ்சம்கூட ஈயம் வைங்க, யாரும் பிடிக்கண்டாம்ங்கிறதுபோல வைங்க. மூணு மணி வரைக்கும் நின்னாப் போரும்.